டிக்கெட் கேட்காத பேருந்து

முன்னறைக் கதவின் தகரத்தை யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். இரண்டு தட்டு. டப், டப்.

பின்கட்டில் துருவுமணைமேல் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஸுஹுராவின் கை ஒரு கணம் நின்றது. காலையிலிருந்து மழை. கூரைத் தகரத்தில் அது கொட்டுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசினாலே காதில் விழாது. ஆனால் இந்த இரண்டு தட்டு மட்டும், அடுத்த அறையிலிருந்து வந்தாலும், காதுக்குள்ளேயே தட்டியதுபோல் கேட்டது.

"ஹோடி!" என்றது ஓர் ஆண்குரல்.

"கரிபு, கரிபு! உள்ளே வாங்க ஷோமரி, கையெல்லாம் தேங்காய்," என்றாள் ஸுஹுரா, தலையைத் திருப்பாமலே.

தார் எஸ் சலாமில் பிறந்து வளர்ந்த எவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். வாசலில் நின்று ஒருவர் 'ஹோடி' என்று குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து 'கரிபு' என்று அழைப்பது நினைத்துச் செய்கிற காரியமா? தும்மல்போலத் தானாக வருவது. யார் என்று எட்டிப் பார்த்துவிட்டு அழைப்போமே என்று எவருக்கும் தோன்றுவதில்லை. அழைத்தாகிவிட்டதென்றால் வந்தவர் விருந்தாளி. உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, கிளம்பும்போது கூடவே நடந்துபோய் வழியனுப்பிவிட்டு வரவேண்டும். வழியனுப்பப் போகாதவளை மன்ஸேஸே பேட்டை முழுக்கப் பேசும்.

அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் அன்று சொல்லாமல் இருந்திருந்தால்!

அவள் எதிர்பார்த்திருந்தது கொழுந்தன் ஷோமரியை. பிற்பகல் அஸர் தொழுகை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். கேட்க வருவது ஒரே கேள்வி. மூன்று வருடமாக ஊரே கேட்டு, அவள் வாயைத் திறக்காத கேள்வி. உன் புருஷன் கொண்டோ இருக்கிறானா, இறந்துவிட்டானா?

இன்று பதில் சொல்லியே ஆகவேண்டும். மகள் சலாமாவைப் பெண் கேட்டுத் தாங்காவிலிருந்து வந்தவர்கள் நல்ல மனிதர்கள். பையனும் தங்கம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. "பெண்ணோட தகப்பன் இருந்தா அவர் வாயால சம்மதம் வேணும். இல்லைன்னா சித்தப்பா நின்னு கொடுக்கட்டும். எதுன்னு தாய் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறோம்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இன்று வியாழன். 'இறந்துவிட்டார்' என்று அவள் ஒரு சொல் சொன்னால் மகளுக்கு வாழ்க்கை. சொல்லாவிட்டால் ஸுஹுராவுக்குக் கொண்டோ வருவான் என்ற காத்திருப்பு. இரண்டில் ஒன்று. பெற்ற வயிறும் கட்டிய மனசும் ஒரே உடம்பில் இப்படி அடித்துக்கொண்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்!

கையைக் கழுவி, இடுப்புத் துணியின் நுனியில் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு இன்னும் சொல்லவேயில்லை.

முன்னறையில், வாசலுக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், கொண்டோ உட்கார்ந்திருந்தான்.

அதே நீலச் சட்டை. இடது கை விரலிடுக்குகளில் நீளவாக்கில் மடித்துச் செருகிய நோட்டுகள். வலது கைக்குள் சில்லறை. டலாடலா என்று ஊர் சொல்லும் அந்தச் சின்னப் பேருந்தின் வாசலில் இருபத்திரண்டு வருடம் தொங்கிக்கொண்டு குலுக்கினதுபோலவே இப்போதும் அதைக் குலுக்கினான். சலங், சலங். கண்டக்டருக்கு வாய் எவ்வளவு பேசுமோ அவ்வளவு கையும் பேசும். தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போகலாம்.

இத்தனை மழைக்குள்ளிருந்து வந்தவன் சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

ஸுஹுரா கத்தவில்லை. மயங்கி விழவுமில்லை. அந்த முகத்தை இன்னொரு முறை காட்டிவிடு என்று மூன்று வருடம் தொழுகைப் பாயில் நெற்றி தேய அழுதவள் அவள். அதே முகம் எதிரே வந்து உட்கார்ந்திருக்கும்போது, ஐயோ, எந்தப் பெண்ணுக்குக் கத்தத் தோன்றும்?

"என்னடி அப்படியே நின்னுட்ட? சீட்டைக் காட்டுனாத்தான் உள்ளே விடுவியா?" என்றான்.

"சலாமாப்பா..."

"ஏறிட்டேன்," என்றான் அவன். பல் தெரியச் சிரித்தான். "நீ சொன்னபடியே ஏறிட்டேன் ஸுஹுரா. இப்பவாவது டீ கொடுப்பியா?"

அந்த வார்த்தையில் அவள் நெஞ்சு இரண்டாகப் பிளந்தது. ஏன் என்று தெரியவேண்டுமானால் ஸுஹுராவின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவள் கதையைச் சொல்வதென்றால் பேருந்துகளைத்தான் சொல்லவேண்டும்.

அவள் கொண்டோவை முதலில் பார்த்ததே டலாடலாவில்தான். பத்தொன்பது வயது. கடற்கரை மீன்சந்தையில் மீன் பொரிக்கிற வேலைக்குத் தினமும் போவாள். முப்பது பேர் போகிற வண்டியில் அறுபது பேர் ஏறுவார்கள். ஜன்னல் வழியாகப் பையை எறிந்து இடம் பிடிப்பார்கள். ஒருநாள் அந்த வண்டியின் கண்டக்டர் தன் தொப்பியை ஜன்னலோர இருக்கையில் போட்டுவைத்து, அறுபது பேரிடமும் வசவு வாங்கிக்கொண்டு, அவள் ஏறுகிறவரைக்கும் அந்த இடத்தைக் காத்தான். மறுநாளும் தொப்பி கிடந்தது. ஒரு மாதம் கிடந்தது. அப்புறம் கல்யாணம்.

இருபது வருடம் கழித்து ஊருக்கு விரைவுப் பேருந்து வந்தது. சாலை நடுவில் அதற்கென்று தனிப் பாதை. நடுவிலேயே கூரை போட்ட நிறுத்தங்கள். அந்தச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த டலாடலாக்களை ஊருக்கு வெளியே வேறு பாதைகளுக்கு மாற்றினார்கள். கொண்டோவின் முதலாளி வண்டியை விற்றுவிட்டார். கொண்டோ வீட்டில் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து மகோமேனி நிறுத்தத்தில் வாயிலில் நின்று சீட்டுப் பார்க்கிற வேலை கிடைத்தது, யாருக்கு? ஸுஹுராவுக்கு.

"என் சோத்துல மண்ணைப் போட்டவங்க வாசல்லயே போய் நிக்கிறியா?" என்றான் அவன். அதற்கப்புறம் அந்தப் பேருந்தின் பெயரைச் சொன்னாலே எழுந்து வெளியே போய்விடுவான்.

அவளுக்கோ அந்த வேலை உயிர். பச்சை மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வாயிலில் நின்றால் நேரம் போவது தெரியாது. நீளமான நீலப் பேருந்து வந்து, மேடைக் கதவும் வண்டிக் கதவும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கிற அந்த ஒரு கணத்தை நாளுக்கு நூறு தடவை பார்த்தாலும் அவளுக்கு அலுக்காது. பிள்ளைத்தாய்ச்சிகள் யார் தோளையும் பிடிக்காமல் ஏறுவார்கள். சக்கர நாற்காலி உருண்டு உள்ளே போகும். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஆசையாகச் சொல்லுவாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மூன்று வருடத்துக்கு முன் இதேபோல ஒரு மழைநாளில் சண்டை முற்றியது. "ஒருநாள், ஒரே ஒருநாள் ஏறிப் பாருங்களேன். நீங்க அதுல ஏறுற வரைக்கும் என் கையால டீ கிடையாது," என்று கோபத்தில் சொல்லிவிட்டாள். டீ இல்லாமலே எழுந்தான். கூலிவேலை தேடி நகரத்துக்கு நடந்தே கிளம்பினான். அன்று ஜங்வானிப் பள்ளத்தில் ஆறு பொங்கிப் பாலத்துக்குமேல் ஓடியது. கொண்டோ திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஸுஹுரா வாயிலில் நின்று சீட்டைப் பார்ப்பது பாதி, இறங்குகிற முகங்களைப் பார்ப்பது பாதி. என்றைக்காவது ஒருநாள் ரோஷத்தை விட்டு அவன் ஏறுவான், தன் நிறுத்தத்திலேயே வந்து இறங்குவான் என்று அந்தப் பைத்தியக்காரி நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது வந்திருக்கிறான். ஏறிட்டேன் என்கிறான்.

அவள் எதிரே பாயில் சரிந்து உட்கார்ந்தாள். தொடப் பயமாக இருந்தது. தொட்டால் கலைந்துவிடுவானோ என்று பயம்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அதைச் சொல்லத்தானே வந்தேன்!" கொண்டோ நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். "நான் நினைச்ச மாதிரி இல்லடி. வாசல்ல தொங்கியே வயசாகிப்போனவன் சொல்றேன், கேட்டுக்க. அந்த வண்டி வந்து நிக்கிற நேர்த்தி இருக்கே! நூல் பிடிச்ச மாதிரி. தரையும் மேடையும் ஒரே மட்டம். காலைத் தூக்கவே வேணாம். நடந்துக்கிட்டே இருக்கிறப்ப உள்ளே போயிடுறோம். எங்க தரை முடிஞ்சுச்சு, எங்க வண்டி ஆரம்பிச்சுச்சுன்னே தெரியல. கண்ணு தெரியாத பெரியவர் ஒருத்தர் ஏறினார். கோலைத் தட்டிக்கூடப் பார்க்கல."

"அதைத்தானே நான் ராத்திரி பகலா தொண்டை காயச் சொன்னேன்!"

"சொன்ன, சொன்ன. எனக்குத்தான் காது மந்தம். அப்புறம் அந்த அமைதி! 'நகரம், நகரம், ஒரு ஆள், ஒரே ஆள்'னு கூவ ஒருத்தன் கிடையாது. சட்டையைப் பிடிச்சு இழுக்கிறவன் கிடையாது. வண்டி வளைவுல புழு மாதிரி நெளியுது, உள்ளே இருக்கிறவன் மடியில வச்ச முட்டைகூட உருளாது. சிக்னல்ல நிக்கிறதில்ல. மாட்டுவண்டி குறுக்க வர்றதில்ல. போய்க்கிட்டே இருக்கு. எல்லாருக்கும் உக்கார இடம்."

"எல்லாருக்குமா?"

"ஒருத்தர்கூட நிக்கலைங்கிறேன்."

ஸுஹுராவின் சந்தோஷத்தில் மெல்லிய குளிர் ஒன்று நுழைந்தது. இத்தனை வருட வேலையில் எல்லோரும் உட்கார்ந்துகொண்டு போன பகல்வண்டியை அவள் பார்த்ததில்லை. வேலைப் பழக்கம் அவளைக் கேட்கவைத்தது.

"எங்க ஏறினீங்க?"

"ஜங்வானிப் பாலத்து மேல."

"பாலத்து மேல நிறுத்தம் கிடையாதே."

"அன்னைக்கு இருந்துச்சே! உன்மேல இருந்த வீம்புல நடந்தேன். தண்ணி முழங்கால் வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் இடுப்பு. அட, அவ சொன்ன வண்டியிலயே போயிருக்கலாமேன்னு மனசுக்குள்ள நினைச்சேன். நினைச்சு முடிக்கலை, பக்கத்துல வந்து நிக்குது. விளக்கெல்லாம் எரியுது. கதவு திறந்துச்சு. சொன்னேன்ல, காலைத் தூக்கவே வேண்டியிருக்கல."

"சீட்டு?"

"யாரும் கேக்கலை."

"உள்ளேயாவது கண்டக்டர் யாராவது..."

"கண்டக்டரே இல்ல. டிரைவர் திரும்பியே பார்க்க மாட்டார். நான்தான் பழைய பழக்கத்துல ரெண்டு தட்டு தட்டுவேன், வண்டி கிளம்பும். தெரிஞ்ச முகமெல்லாம் இருக்கு. முன் சீட்டுல யாருங்கிற? நம்ம மீன்கடைச் சிதியம்மா! கூடையை மடியில வச்சுக்கிட்டு நேராப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. பேச்சுக் கொடுத்தேன், வாயே திறக்கல. எவ்வளவு வாயாடி!"

சிதியம்மாவை அடக்கம் செய்து ஐந்து வருடமாகிறது. கடைசியாகக் குளிப்பாட்டிய நாலு பேரில் ஸுஹுராவும் ஒருத்தி.

"எங்க போகுது அந்த வண்டி?" என்றாள்.

கொண்டோ முதல்முறையாகக் குழம்பினான். சில்லறை குலுக்குவது நின்றது. "அதை யார்கிட்டயாவது கேக்கணும்னுதான் நினைச்சுக்கிட்டே இருக்கேன். யாரும் இறங்கினா பின்னாடியே இறங்கிப் பார்க்கலாம். யாரும் இறங்க மாட்டேங்கிறாங்க." பிறகு மறுபடி சிரித்தான். "டீ என்னாச்சுடி?"

பின்கட்டில் கரியடுப்பின்முன் குந்தி உட்கார்ந்து அவள் தேநீர் வைத்தாள். இஞ்சியைத் தட்டினாள். தட்டும்போது கண்ணீர் இஞ்சியிலேயே விழுந்தது. எதற்காக அழுகிறாள்? வந்துவிட்டான் என்றா? வரவில்லை என்றா? அவளுக்கே தெரியவில்லை.

"அடியே ஸரமோக்காரி! ஒரு மூடித் தேங்காய் துருவ ஒரு பகலா? கையா அது, கொட்டாங்கச்சியா?"

முற்றத்துக் கதவில் கபூலா நின்றாள். எதிர்வீட்டுக்காரி. அரிசிமாவில் பணியாரம் சுட்டு விற்பவள். அவள் சுகுமா இனம், ஸுஹுரா ஸரமோ. அந்த இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் என்ன கிண்டல் செய்தாலும் கோபிக்கக்கூடாது என்பது காலகாலமாக உள்ள உரிமை. சாவு வீட்டில்கூடச் செத்தவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு அவர்போலவே நடந்துகாட்டி அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பார்கள். மாவு கலக்கத் தேங்காய் வாங்க வந்த கபூலா, முன்னறையில் ஆள் இருப்பதை உணர்ந்து தலையை நீட்டினாள். நடுவில் திரைச்சீலை தொங்கியது.

"யாரு உள்ளே, ஷோமரியா? யோவ் மீன்காரரே! உம்ம அண்ணனுக்குச் சாவுச்சடங்கு எப்பய்யா வைக்கப் போறீங்க? அந்த நீலச் சட்டையை மாட்டிக்கிட்டு நான் ஆடணும்னு மூணு வருஷமா வயித்தைக் குறைச்சுக்கிட்டு வர்றேன். இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா பொத்தான் போட முடியாது!"

திரைக்கு அந்தப்பக்கம் ஓர் ஆண் சிரித்தான். சிரிப்போடு சேர்ந்து, சலங், சலங்.

கபூலாவின் வாய் திறந்தபடியே நின்றது.

"ஷோமரி மீன் வெட்டுறவன்," என்றாள் மெதுவாக. "அவன் எதுக்குச் சில்லறை குலுக்குறான்?"

ஸுஹுரா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கபூலா என்ன படித்தாளோ, திரையை விலக்க நீண்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அறைக்குள்ளிருந்து ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. கபூலா குந்தி உட்கார்ந்து ஸுஹுராவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள்.

"நான் உன்கிட்ட என்னைக்காவது விளையாட்டில்லாம பேசியிருக்கேனா?"

"இல்லை."

"இன்னைக்குப் பேசுறேன். 'கரிபு' சொல்லித் தொலைச்சுட்ட, சரி. டீயைக் கொடு. உக்கார வை. ஆனா கிளம்புறப்ப வழியனுப்பக் கூடப் போகாதே. ஊர் பேசுனா பேசட்டும், அந்த ஊர்வாயில நானே பணியாரத்தை அடைக்கிறேன். நீ வாசப்படியைத் தாண்டாதே. சலாமா வீட்டுக்கு வர்ற நேரம். ஞாபகம் வச்சுக்க."

தேங்காயை எடுத்துக்கொள்ளாமலே மழையில் இறங்கி ஓடினாள் கபூலா. எத்தனையோ சாவு வீடுகளில் ஆடிச் சிரிக்கவைத்த அந்தக் கால்கள் முற்றத்துச் சேற்றில் இரண்டுமுறை சறுக்கின.

தேநீரோடு உள்ளே வந்தாள் ஸுஹுரா. கொண்டோ கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி உதட்டில் வைத்தான். கண்ணை மூடினான்.

"இஞ்சி தூக்கலா இருக்கு. நல்லா இருக்கு," என்றான்.

கீழே வைத்தபோது டம்ளர் விளிம்புவரை அப்படியே இருந்தது. ஆவி மட்டும் நின்றுபோயிருந்தது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "மூணு வருஷமா ஒவ்வொரு வண்டியிலயும் உங்க முகத்தைத் தேடினேனே! இறங்குற அத்தனை பேரையும் பார்த்தேனே! ஒருநாள், ஒரே ஒருநாள் என் வாசல்ல இறங்கியிருக்கக் கூடாதா?"

"உன்னை நான் தினமும் பார்க்கிறேனே," என்றான் அவன் ஆச்சரியமாக. "மகோமேனியில எங்க வண்டி நிக்காது. மெதுவாப் போகும். நீ பச்சைச் சட்டையில நின்னுக்கிட்டிருப்ப. போன வாரம் கண்ணாடியைத் தட்டிக் கையைக்கூட ஆட்டினேன். நீ யாரோ கிழவிக்குச் சீட்டு சரிபண்ணிக் கொடுத்துக்கிட்டிருந்த."

போன வாரம். ஆமாம். அட்டவணையில் இல்லாத வண்டி ஒன்று நிற்காமல் கடந்துபோனது. சத்தமே இல்லை. அதன் காற்றில் அவள் தலைத்துணி மட்டும் பறந்து முகத்தை மூடியது. இழுத்துவிட்டுப் பார்க்கும்போது பாதை காலியாக இருந்தது.

"சரி, நான் கிளம்பணும். வண்டி நிக்குது," என்று கொண்டோ எழுந்தான்.

"எங்க நிக்குது?"

"வாசல்லதான்."

"இந்தச் சந்துல தள்ளுவண்டியே திரும்பாது!"

"அதான் சொல்றேனே, ரொம்ப நல்லா யோசிச்சுப் பண்ணியிருக்காங்க. வீட்டு வாசலுக்கே வருது. வந்து பாரேன்." அவன் கதவைத் திறந்தான்.

எதிர்வீட்டுச் சுவரைக் காணோம். கபூலாவின் அடுப்புக்கூரையைக் காணோம். சந்து இருந்த இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, விளக்கெரியும் ஜன்னல்களோடு நீளமான நீலப் பேருந்து நின்றது. அதன் திறந்த கதவு அவள் வாசலுக்கு நேராக இருந்தது. வாசற்படியும் வண்டித் தரையும் ஒரே மட்டம். நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. அவள் வாயிலில் நின்று நாளுக்கு நூறு தடவை வியந்து பார்த்த அதே நேர்த்தி. உள்ளே வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. மேலே மழை கொட்டியது. படியும் வண்டியும் சேரும் இடத்தில் மட்டும் விழவில்லை.

கொண்டோ ஒரு காலை உள்ளே வைத்தான். திரும்பிக் கையை நீட்டினான்.

"வழியனுப்ப வாடி. ஒரே எட்டு. அங்க பாரு, மூணாவது ஜன்னல். உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

மூன்றாவது ஜன்னலோரம், காலி இருக்கைமேல், அவன் தொப்பி கிடந்தது. பத்தொன்பது வயதில் அவளுக்காக ஒரு மாதம் கிடந்த அதே தொப்பி.

பொய் சொல்வானேன்? ஸுஹுராவின் கால் நகர்ந்தது. ஒரே எட்டு. காலைத் தூக்கக்கூட வேண்டாம். அந்த எட்டை வைத்துவிட்டால் அப்புறம் கேள்வியில்லை, ஷோமரியில்லை, இறங்குகிற முகங்களில் தேடித்தேடிக் கண் பூத்துப்போவதில்லை. கட்டைவிரல் வாசற்படியின் விளிம்பைத் தொட்டது. அந்தப்பக்கத் தரை சில்லென்று இருந்தது.

"பக்கத்து சீட்டுல துண்டு போட்டிருக்கேன் பார்த்தியா?" என்றான் கொண்டோ சந்தோஷமாக. "அது சலாமாவுக்கு. தையல் கடையிலிருந்து இப்ப வந்துக்கிட்டுத்தானே இருப்பா? வழியில ஏத்திக்கலாம்."

கால் நின்றது.

"சலாமாவுக்கு வேணாம்," என்றாள்.

"ஏன்? நல்ல வண்டிடி. நீதானே சொன்ன?"

"நான் சொன்ன வண்டி இது இல்ல, சலாமாப்பா." அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. வாயிலில் நின்று எத்தனையோ ரவுடிகளை மடக்கிய குரல் அது. "நான் சொன்ன வண்டியில ஏறுறவங்க இறங்குவாங்க. கூடையோட இறங்குவாங்க, பிள்ளையோட இறங்குவாங்க, சண்டை போட்டுக்கிட்டே இறங்குவாங்க. நாள் முழுக்க நான் அதைத்தானே பார்க்கிறேன். சீட்டே கேக்காம ஏத்திக்கிட்டு, ஏறினவங்களை இறக்காம போற வண்டி எங்க வண்டி இல்ல. என் பொண்ணு அதுல ஏறமாட்டா. அவ கல்யாணம் பண்ணிக்கிட்டுத் தாங்காவுக்குப் போறா."

"என் சம்மதம் இல்லாமலா?" அவன் கேட்டதில் கோபமில்லை. ஒரு தகப்பனின் சின்ன வருத்தம் மட்டும்தான்.

மூன்று வருடம் தொண்டையில் அடைத்துக் கிடந்த சொல் அப்போது வந்தது. ஊருக்குச் சொல்லவேண்டியதை, கொழுந்தனுக்குச் சொல்லவேண்டியதை, அவள் முதன்முதலாக அவனிடமே சொன்னாள்.

"நீங்க செத்துப்போயிட்டீங்க. அன்னைக்கே. பாலத்து மேலயே. நான் டீ கொடுக்காத பாவி, அதை ஒத்துக்கப் பயந்துக்கிட்டு உங்களைச் சாகவும் விடாம வச்சிருந்தேன். என்னை மன்னிச்சுடுங்க."

கொண்டோ அவளையே பார்த்தான். பிறகு உள்ளே நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களைப் பார்த்தான். முன் இருக்கையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் சிதியம்மாவைப் பார்த்தான். மெல்ல, மிக மெல்ல, அவன் நெற்றிச் சுருக்கம் பிரிந்தது. ரொம்ப நாள் கணக்குக்கு விடை கிடைத்தவன்போல் தலையை ஆட்டினான்.

"ஓ," என்றான். "அதான் யாரும் டிக்கெட் கேக்கலையா?"

உள்ளே போனான். மூன்றாவது ஜன்னலுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். தொப்பியை எடுத்தான். ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டான். பிறகு உட்காரவில்லை. திரும்பி வந்து, அந்தக் காலத்தில் டலாடலாவில் நின்றதுபோலவே, வாசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீக்கு ரொம்ப சந்தோஷம்," என்றான். "நான் தட்டமாட்டேன் ஸுஹுரா. எனக்குக் கை வரல. நீயே தட்டிடு."

அவள் உள்ளங்கையை விரித்தாள். முன்னறைக் கதவின் தகரத்தில் அடித்தாள்.

டப்.

கை தகரத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு தட்டு என்றால் நிறுத்து. வண்டி அசையாமல் நின்றது. கொண்டோவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வாசற்படிக்கு அந்தப்பக்கம் அவன் மூச்சு விடுகிறானா என்றுகூட அவள் கவனித்தாள். தூரத்தில் எங்கோ பெருஞ்சாலையில், நிறுத்தத்தை நெருங்குகிற நிஜப் பேருந்து ஒன்றின் ஹாரன் கேட்டது. அதில் சலாமா இருப்பாள். இன்னும் சற்று நேரத்தில் இறங்குவாள். குடை எடுத்துப் போயிருக்கமாட்டாள், அந்தப் பெண்ணுக்கு என்றைக்குத்தான் குடை ஞாபகம் இருந்திருக்கிறது?

டப்.

"போலாம், ரைட்," என்றாள் ஸுஹுரா.

நீல ஜன்னல்கள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கொண்டோ கையை ஆட்டினான். இந்தமுறை அவள் பார்த்தாள், பதிலுக்குக் கையை ஆட்டவும் ஆட்டினாள். பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது. எதிரே கபூலாவின் சுவர் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

வாசற்படிக்கு இந்தப்பக்கமே நின்று அவள் கதவைச் சாத்தினாள்.